மீன் விலை குரூப்பில் வெளியான கதை

என் முதல் கதையின் முதல் வாசகர்கள் அத்தனை பேரும் மீன் வியாபாரிகள். பாதிப் பேர் அதை மொபெட்டில் உட்கார்ந்தபடி படித்தார்கள். மீதிப் பேர் படிக்கவில்லை, படித்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒரு எழுத்தாளன் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நெட்டில் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

நான் கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறேன். லாரியில் வரும் பாளத்தை மரச்சுத்தியலால் தூளாக்கி, பெட்டிக்குள் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ் என்று அடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், போர்வெல் வண்டியோடு ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். போர்வெல் வண்டியில் வலது ஆள்காட்டி விரலில் பாதி போனது. ஆகவே போனில் இடது கட்டைவிரல் ஒன்றால்தான் டைப் அடிக்கிறேன். நீளமான வாக்கியம் எழுதினால் கட்டைவிரல் வலிக்கும். என் வாக்கியங்கள் சின்னதாக இருப்பதற்கு இதுதான் காரணம். பிற்பாடு ஒரு பத்திரிகை ஆசிரியர் இதை என் நடை என்று பாராட்டினார். நான் விரலைப் பற்றிச் சொல்லவில்லை.

போன இடத்தில் எல்லாம் வேலை கிடைத்தது, சோறு கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. ஆனால் எங்கேயும் என் பெயரை யாரும் கேட்டதில்லை. திருப்பூரில் நான் ‘புதுக்கோட்டை’. கேரளத்தில் ‘பாண்டி’. போர்வெல் வண்டியில் ‘ஏய் தமிழ்’. கட்டுமாவடியில் ‘ஐஸ்’. பெயர் என்று ஒன்று எனக்கு இருப்பது, என்னைவிட்டால், அரிமளத்தில் இருக்கும் என் அக்காவுக்குத்தான் தெரியும். அவளும் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவாள். அதனால் ஒரே ஒரு ஆசை வந்தது. ஒரு கதை எழுத வேண்டும், அது நாலு பேர் பார்க்கிற இடத்தில் வர வேண்டும், அதன் அடியில் என் பெயர் இருக்க வேண்டும்.

கதையை எழுதிவிட்டேன். கேரளத்தில் ஒரு பரோட்டா மாஸ்டர். எதிர்க்கடையில் ஒரு தையல்காரப் பெண். பேசத் துணிச்சல் இல்லாமல் இவன் தினமும் தன் சட்டையில் ஒரு பட்டனைப் பிய்த்துக்கொண்டு போய்த் தைக்கக் கொடுப்பான். அவள் வெள்ளைச் சட்டையில் சிவப்பு நூல் போட்டுத் தைப்பாள். ஏன் சிவப்பு என்று கேட்டால், எது நான் தைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்பாள். கடைசியில் ஒரு நாள் பட்டனைத் தைக்காமல் ஊசியையும் சிவப்பு நூலையும் அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான் கதை.

எழுதியாகிவிட்டது, யார் படிப்பது? நெட்டில் இதற்கென்று வீடியோக்கள் இருக்கின்றன. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒருவர் எழுத்தாளர்கள் வளர்வது எப்படி என்று சொல்லித்தருவார். ஒரு பக்கம் தொடங்கச் சொன்னார், தொடங்கினேன். தினமும் அதே நேரத்தில் ஏதாவது போடச் சொன்னார், போட்டேன். மூன்று மாதத்தில் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் கூந்தல் தைலம் விற்பவர், ஒருவர் தினமும் ‘ஹாய்’ மட்டும் சொல்பவர், ஒருவர் நான். அடுத்த வீடியோவில் ஹெட்போன்காரர் சொன்னார்: வாசகர்களைத் தேடி அலையாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து தினமும் நூறு பேருக்கு மேல் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று. எங்கள் மார்க்கெட்டின் மீன் விலை குரூப்.

அந்தக் குரூப்பை நடத்துபவர் மார்க்கெட்டின் ஏலக்காரர். குரல் கடலுக்குப் போன படகையே திரும்பக் கூப்பிடும். அவருடைய சட்டம் கறாரானது. விலை, மீன், ஐஸ் தவிர வேறு எதுவும் போடக் கூடாது. குட் மார்னிங் போட்டாலும் நீக்கிவிடுவார். மீனைப் பற்றி அவர் போட்டதன் மேல் யாராவது கட்டைவிரல் குறி வைத்தால், ‘எனக்கு ஒரு பெட்டி’ என்று அவர் சொல்வதாக அர்த்தம். இன்னொன்று, குரூப்பில் எதைப் போட்டாலும் மறுநாள் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார். நேற்றைய விலையைக் காட்டி இன்று யாரும் பேரம் பேசக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஒரு நாள் காலையில் அவர் ‘சூடை, ஏழு பெட்டி’ என்று போட்ட கையோடு நான் கதையைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஏலக்காரர் கத்தினார்.

“ஏழு பெட்டி சூடைக்கு பதினோரு பேரு எங்கேருந்துய்யா வந்தீங்க? யாருக்குன்னு நான் குடுக்க?”

சூடை மீனுக்குப் போட வேண்டிய விரலை எல்லோரும் கடைசியாக இருந்த என் கதையின் மேல் போட்டிருந்தார்கள். அவர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“இது யாரு, பட்டன் கிட்டன்னு எழுதிருக்கிறது? ஐஸு, நீயா?”

“ஆமாண்ணே.”

“தூக்கிருவேன் குரூப்ப விட்டு. சூடை வெலையில கதையா?”

“இனிமே போடலண்ணே.”

அவர் ஏலத்துக்குத் திரும்பினார். நாலு பெட்டி போனதும் மறுபடி என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கேட்கும்.

“அந்தப் புள்ள ஊசிய எதுக்குடா குடுத்துச்சு? போடான்னா, வாடான்னா?”

“தெரியலண்ணே.”

“எழுதுன ஒனக்கே தெரியலயா? வெளங்கும்.”

அன்றைக்கே கதை மார்க்கெட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. எங்கள் வியாபாரிகள் இங்கே மீனை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி, அரிமளம், திருமயம் என்று தெருத்தெருவாக விற்கிறவர்கள். மீனைக் கழுவி வெட்டிக்கொடுக்கும்வரை வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். சும்மா நின்றால் மீன் பழசு என்பார்கள், எடை குறைவு என்பார்கள். பேச்சுக் கொடுத்தால் சொல்ல மாட்டார்கள். அதற்கு இந்தக் கதை வசதியாக இருந்திருக்கிறது. பட்டன் பிய்க்கிற இடத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்கள். மறுநாளும் மீன் விற்றிருக்கிறது. ஆனால் முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. ஊசியைக் கொடுத்தாள், அப்புறம் என்ன என்று கேட்ட பெண்களிடம் ஆளுக்கு ஒரு முடிவைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் என் போன் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. கதையை ஒரு கல்யாண மண்டப நோட்டீஸின் பின்பக்கம் நினைவிலிருந்து மறுபடி எழுதிவைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு போன் வாங்கினேன். நெட்டில் வரும் ஒரு பத்திரிகை கதைகள் கேட்டிருந்தது. சிறிய பத்திரிகைதான், ஆனால் ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் எழுதியவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். நான் பார்த்தது அதைத்தான். அனுப்புகிற படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘இப்படைப்பு இதற்கு முன் எங்கும் வெளியாகவில்லை.’ யோசிக்காமல் டிக் அடித்தேன். மீன் விலைக்கு நடுவில் போட்டு மறுநாள் அழிந்துபோனதை வெளியானது என்று யார் சொல்வார்கள்?

மூன்றாவது வாரம் பதில் வந்தது. கதை தேர்வாகிவிட்டது, அடுத்த இதழில் வரும். ஆசிரியர் ஒரு அம்மா. உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் நாலு விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் இருக்கிறபடியே அனுப்பினேன். அந்த வாரம் அரிமளத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“கதையா? எங்க தெருவுக்கு வார மீன்காரரு சொன்னாரே, அத மாதிரி வருமா ஒனக்கு? ஒரு பரோட்டா மாஸ்டர், பட்டனப் பிச்சுப் பிச்சு...”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஊசிய வாங்கிட்டு ரோட்டத் தாண்டயில லாரி அடிச்சுப்புருச்சு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கலடா.”

“அக்கா, அவன் சாகல. அது நான் எழுதுனது.”

அவள் புளிக் கையோடு என்னைப் பார்த்தாள். “எட்டாப்ப முடிக்காத பய நீ. அவரு கண்ணு கலங்கிச் சொன்னாரு. ஒனக்கு வேற கதையா கெடைக்கல?”

“சத்தியமா நான்தான்க்கா. இந்தா, அடுத்த மாசம் என் பேரு போட்டு வருது பாரு.”

“வரட்டும். வந்தா அப்ப பாப்போம்.” புளியைக் குழம்பில் ஊற்றிவிட்டு, “நீதான் எழுதுனன்னா, அவன ஏன்டா கொன்ன?” என்றாள்.

மறுநாள் ஆசிரியரிடமிருந்து இரண்டாவது கடிதம். இதே கதை ஒரு வீடியோ சேனலில் ஏற்கெனவே இருப்பதாக தேர்வுக் குழுவில் கதையைப் படித்த ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அதில் பேசுபவர் இதைத் தன் சொந்த வாழ்க்கை என்கிறார், மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் கதையை எடுத்துவிடுவோம். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.

வீடியோவைப் பார்த்தேன். திருமயம் பக்கத்துக்காரர் ஒருவர், ஷார்ஜாவில் வேலை. அவர் மனைவி மீன்காரரிடம் கேட்ட கதையை போனில் சொல்லியிருக்கிறார். இவர் அதை ரூமில் தன் காதல் கதையாகச் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அதில் தையல்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாக இருப்பதாக அழுதுகொண்டே சொல்கிறார். கீழே கருத்துகள் வந்து குவிந்திருந்தன. ஒருவர்கூட ‘ஹாய்’ மட்டும் சொல்லவில்லை. அவர் மனைவி அந்த வீடியோவைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னிடம் ஆதாரம் என்ன இருக்கிறது? குரூப்பில் போட்டது மறுநாளே அழிந்தது. எழுதிய போன் தொட்டியில் போனது. நோட்டீஸின் பின்பக்கம் எழுதியது எப்போது எழுதியது என்று யார் சொல்வது? ஏலக்காரரிடம் போய் நின்றேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“நம்ம குரூப்புல வந்த கதைய ஒரு பய ஷார்ஜாவுல தன்னதுங்கிறானா? அந்தம்மா நம்பரு இருக்கா இதுல?”

“இருக்குண்ணே. எதுக்கு?”

“சாட்சி இருக்குல்லடா! நாளைக்கு ஏலம் முடியட்டும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு, கதைக்கு அடியில் என் பெயர் வர வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் ஏலம் முடிந்ததும் அவர் வியாபாரிகளை நிறுத்திவைத்தார். ஒவ்வொருவரும் அந்த அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்களையும் எழுத விடவில்லை, பேசினால்தான் சாட்சி என்றார். ஐஸ் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் கத்தினார்கள்.

“அம்மா, வணக்கம்மா. இந்தக் கத எங்க ஐஸு எழுதுனதும்மா. நாங்க மொதநாளே படிச்சோம்.”

“அந்தப் புள்ள பஸ் டிரைவரோட போயிருச்சும்மா. அதான் உண்மையான முடிவு.”

“யோவ், எங்கய்யா போச்சு? கல்யாணமாகி அரிமளத்துல கட போட்ருக்குங்க ரெண்டும்! நான்தானே சொன்னேன்!”

“லாரி அடிச்சுச் செத்துட்டான்யா அவன்!”

“அம்மா, அவங்ய கெடக்குறாங்ய. ஐஸு நல்ல பய. கத அவன்துதான். நீங்க எந்த ஊரும்மா? நண்டு நல்லா வருது, பார்சல் போடவா?”

கிளம்பிப்போனவர்களும் விடவில்லை. தெருவில் வியாபாரத்துக்கு நடுவில் அனுப்பினார்கள். ஒருவர் அனுப்பியதில் முக்கால்வாசி ‘மீனேய்’ என்ற கூவலும் ஹாரனும்தான். கடைசியில் மட்டும் ‘ஐஸுதாம்மா’ என்று வருகிறது. அரிமளத்து வியாபாரி, என் அக்கா தெருப் பெண்களையே பேசவைத்துவிட்டார். அதில் ஒரு குரல், “எட்டாப்பு பெயிலுதான், ஆனா பொய் சொல்ல மாட்டான்மா” என்றது. பெயில் இல்லை, பாதியில் நின்றது என்று எத்தனை தடவை சொன்னாலும் அக்கா கேட்க மாட்டாள்.

மதியம் ஆசிரியர் கூப்பிட்டார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“காலையிலிருந்து அறுபத்துச் சொச்சம் வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. எல்லாத்தையும் கேட்டேன்” என்றார். குரலில் களைப்பு. “எல்லாரும் ஐஸ் எழுதினதுன்னு சொல்றாங்க. ஒருத்தர்கூட உங்க பேரைச் சொல்லலையே. ஐஸ் யாருங்க?”

அறுபது பேர் சாட்சி சொல்லியும் என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. பக்கத்தில் நின்ற ஏலக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. அவர் மெதுவாக, “ஆமா, ஒம்பேரு என்னப்பா?” என்றார்.

“ஐஸ் நான்தாம்மா” என்றேன் போனில். “இங்க அப்படித்தான் கூப்புடுவாங்க.”

“சரி. முடிவும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சேன். நீங்க அனுப்பினதுல சிவப்பு நூல்னு வருது. இவங்க யாருமே அதைச் சொல்லல. ஷார்ஜாக்காரரும் சொல்லல. ஏன்?”

மீன் வெட்டுகிற நேரத்தில் நூலின் நிறத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஷார்ஜாவுக்குப் போகும் முன்பே அது உதிர்ந்துவிட்டது. ஆனால் அது என்னிடம் இருந்தது. அன்றைக்குப் போட்டிருந்த சட்டையே அதுதான். பழசாகிவிட்டதால் ஐஸ் வேலைக்கு மட்டும் போடுகிறேன். ஐந்து பட்டனில் நாலு சிவப்பு நூலில் தைத்தது. ஐந்தாவதை அவள் தைக்கவில்லை. பரோட்டா மாஸ்டர் என்று எழுதியது மட்டும்தான் கற்பனை. நான் மாஸ்டர் இல்லை, மாவு பிசைகிறவன். ஊசி வாங்கிய அடுத்த வாரம் நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். நான் போர்வெல் வண்டியில் ஏறிவிட்டேன். ஊசி எங்கேயோ விழுந்துவிட்டது.

படம் அனுப்புகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏலக்காரரிடம் போனைக் கொடுத்து சட்டையைப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் பட்டன்களை ஒவ்வொன்றாக, ஏலத்துக்கு வந்த இறாலைப் பார்ப்பதுபோல் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆசிரியர் திரும்பக் கூப்பிட்டார். “உங்க கதைதான். எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார். நான் மூச்சு விட்டேன். “ஆனா அதுலதான் சிக்கல். மூணு மாசத்துக்கு முன்னாடியே நூறு பேர் இருக்கிற குரூப்ல வெளியாயிருக்குன்னு நீங்களே அறுபது சாட்சி அனுப்பிட்டீங்களே. அந்தக் கட்டத்துல டிக் அடிச்சிருக்கக் கூடாதுங்க. எங்க விதிப்படி இதைப் போட முடியாது.”

என்னுடையது என்று நிரூபித்ததாலேயே போனது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ஐஸைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அது மீன் ஐஸ்.

“வேற ஏதாவது எழுதுங்க” என்றார் அவர். “எங்கேயும் சொல்லாததா இருக்கணும். முக்கியமா, மார்க்கெட்ல.”

அடுத்த நாள் காலை, முதல் பெட்டியைத் தூக்கி வைத்ததும் ஏலக்காரர் வழக்கம்போல மீன் பெயரைச் சொல்லவில்லை. என் முழுப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, ஏல ராகத்தில் மூன்று தடவை கூவினார். மார்க்கெட்டே நிமிர்ந்து பார்த்தது. பின்னால் நின்ற ஒருவர் பழக்கத்தில் விலை கேட்டுவிட்டார். இன்னொருவர் அதற்கு மேல் கேட்டார். யார் என்னை எடுத்தார்கள் என்று தெரியவில்லை, சிரிப்பில் ஏலம் கலைந்துவிட்டது. இரண்டு நாள் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி ஐஸ் ஆனேன்.

அதற்குப் பிறகு எழுதியதுதான் இது. பத்து நாளாக, ஏலம் முடிந்த இடைவெளிகளில், பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு விரலால் அடித்தேன். எதைப் பற்றி என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை முடித்து, படிவத்தைத் திறந்தபோது ஏலக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அடுத்த கதையா? குரூப்புல போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“இல்லண்ணே. இது எங்கயும் வரக் கூடாது.”

“சரி, போட வேணாம். எனக்கு மட்டும் வாயால சொல்லு. இங்கிட்டு யாரு இருக்கா?”

பார்த்தேன். யாரும் இல்லை. எனக்காகப் பெயரைக் கூவியவர். ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் அது வெளியானதாகுமா என்று யோசித்துக்கொண்டே, “இது நம்ம மார்க்கெட்ல நடந்ததுதாண்ணே, ஒரு ஐஸ் உடைக்கிறவன்...” என்று ஆரம்பித்தேன். அவர் ஆர்வமாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் மடியில் இருந்த போனைக் கவனித்தேன். குரூப் திறந்திருந்தது. கட்டைவிரல் மைக்கின் மேல் அழுத்தி இருந்தது. விரலை எடுத்தால் நான் சொன்னது குரூப்பில் எல்லோருக்கும் போய்விடும்.

அவர் விரலை எடுப்பதற்குள் நான் கட்டத்தில் டிக் அடித்து, அனுப்பு என்பதை அழுத்திவிட்டேன். அந்த நொடி வரைக்கும் இது எங்கும் வெளியாகவில்லை. சத்தியம்.